வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கங்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வந்தபோது, "சார், இந்தத் தடவை இலக்கியம் வேண்டாம். நம்ம ஜனங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க" என்றார். வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலம் முழுவதும் நான் படித்த இலக்கியம் கிரயப் பத்திரங்கள்தான். ஆகவே எனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் எல்லோருக்கும் ஒரு பொதுவான ஆசை உண்டு. ரிடையர் ஆவதற்குள் ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட வேண்டும். மே மாத லீவில் பத்து நாள் போகிறோம். அதில் இரண்டு கல்யாணம், ஒரு கோயில் கொடை, மிச்சம் இருப்பது மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நம்மை ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுகிறார். நாலாம் நாள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நண்பரின் கதை

என் நண்பர் ஒருவர் 2014-ல் திருநெல்வேலிப் பக்கம் 12 சென்ட் மனை வாங்கினார். காட்டியவர் உரிமையாளர் அல்லர். உரிமையாளரிடம் ஆறு மாத ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த இடைத்தரகர். "அண்ணாச்சி, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. கிளீனா இருக்கு. பட்டாவும் அவரு பேர்லயே இருக்கு. நீங்க கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். நண்பரும் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கொடுத்தது 9 லட்சம். அதில் உரிமையாளருக்குப் போனது 6 லட்சம், தரகருக்கு 3 லட்சம். பத்திரத்தில் எழுதியதோ வழிகாட்டி மதிப்பை ஒட்டி 4 லட்சம்தான். உரிமையாளர் நேராக நண்பருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். தரகரின் பெயர் சாட்சிக் கையெழுத்தில்கூட இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர்கள் உரிமையாளரின் இரு சகோதரிகள். நிலம் அவர்கள் தந்தையின் சுயசம்பாத்தியம். அவர் 2008-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்த நாளிலிருந்தே தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆக, விற்றவருக்கு இருந்தது மூன்றில் ஒரு பங்கு. நண்பர் 12 சென்ட்டுக்குப் பணம் கொடுத்து 4 சென்ட்டுக்கு உரிமை வாங்கியிருந்தார்!

வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. அப்பா இறந்ததும், அவருக்கு மகள்கள் இருப்பதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் விஷயங்கள் அல்ல. பட்டா? வருவாய்த் துறையில் மகன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பட்டா என்பது வரி செலுத்துபவர் யார் என்பதைக் காட்டும் வருவாய்ப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

ஒப்பந்தத்தை விற்கும் வியாபாரம்

தரகர் செய்தது நம் ஊரில் புதிதல்ல. உரிமையாளரிடம் சிறு முன்பணம் கொடுத்து மூன்று முதல் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். அதில் "தங்களுக்கோ, தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். கெடு முடிவதற்குள் அதிக விலைக்கு ஆள் பிடித்து, உரிமையாளரை நேராக எழுதிக் கொடுக்கச் செய்வார்கள். வித்தியாசம் தரகருக்கு. அமெரிக்காவில் இதையே 'ஹோல்சேலிங்' என்ற பெயரில் ஒரு தொழிலாக நடத்துகிறார்கள்.

ஏன் இப்படி? தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தரகர் தன் பெயருக்கு வாங்கி மறுபடி விற்றால் 9 சதவீதம் இரண்டு தடவை கட்ட வேண்டும். அதை மிச்சம் பிடிக்கத்தான் ஒப்பந்தமும் பவர் பத்திரமும்.

இந்த வியாபாரமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 54-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விற்பதற்கான ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. தரகர் கையில் இருப்பது நிலம் அல்ல, ஒரு வாக்குறுதி. நிலத்தின் கடந்த காலத்தை ஆராயும் அக்கறை அவருக்குக் குறைவு, ஏனென்றால் ஆறு மாதத்தில் அவர் வெளியே போய்விடுவார். பிள்ளைக்கும் பேரனுக்கும் வைத்துவிட்டுப் போக நினைக்கும் நாம்தான் ஆராய வேண்டும்.

எதைத் தேட வேண்டும், எத்தனை வருஷம்?

அந்தக் காலத்தில் 13 வருஷ வில்லங்கம் பார்ப்பது வழக்கம். வங்கிகள் 30 வருஷம் கேட்கும். அந்த 30-க்குக் காரணம் உண்டு. காலவரையறைச் சட்டம் 1963-ன்படி அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம். அரசு தொடரும் வழக்குகளுக்கும் பொதுவாக 30 ஆண்டு. முப்பது ஆண்டு பழைய பத்திரத்துக்குச் சாட்சியச் சட்டத்தில் தனி மதிப்பும் உண்டு.

தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தைச் செலவில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தியது வேண்டுமானால் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பார்க்கும்போது மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது.

ஒன்று, பழைய சர்வே எண். 1979-க்குப் பிறகு நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறின, பெயர்களும் தவறாக ஏறின. புது எண்ணை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் வராமல் போகலாம்.

இரண்டு, பழைய அலுவலகம். ஒரு சார்பதிவகம் இரண்டாகப் பிரிந்திருந்தால் பிரிவதற்கு முன்பு நடந்ததைத் தாய் அலுவலகத்தில் தேட வேண்டும்.

மூன்று, நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கே உரியது. ஒரு காலத்தில் ஊரில் உள்ள நிலத்தின் பத்திரத்தை டில்லியிலோ பம்பாயிலோ பதிவு செய்ய மத்தியப் பதிவுச் சட்டத்தில் வழி இருந்தது. 2001 திருத்தம் அதை நீக்கிவிட்டது. அப்படிப் பதிந்ததன் நகல் சொந்த ஊர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அட்டவணையில் ஏறியதா என்பது வேறு விஷயம். விற்பவரின் குடும்பமும் நம்மைப் போல வடக்கே பிழைக்கப் போன குடும்பம் என்றால் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

வில்லங்கச் சான்று வெறும் அட்டவணை. அதில் கண்ட ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் வாங்கிப் படித்தால்தான் கதை புரியும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக்கூடாது. எங்கே கிரயம் இல்லாமல் பெயர் மாறுகிறதோ அங்கே ஒரு சாவு அல்லது ஒரு பாகப்பிரிவினை இருக்கும். அங்கே நின்று இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். என் நண்பரின் விஷயத்தில் இந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

சான்றில் வராதவை

வாரிசுகளைப் பற்றிச் சொன்னேன். நிலம் பூர்வீகச் சொத்தானால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகள்களுக்கு அந்த உரிமை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு சார், அது வரமாட்டா" என்ற பேச்சு இனிச் செல்லாது. அக்காவும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

மைனர் பங்கு இருந்தால், நீதிமன்ற அனுமதியில்லாமல் தாயோ தந்தையோ விற்ற கிரயத்தை அந்தப் பிள்ளை மேஜர் ஆனபின் மூன்றாண்டுக்குள் எதிர்க்கலாம்.

வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது இன்னொன்று. வெறும் ஒப்படைப்பாலேயே அடமானம் உண்டாகிவிடும், பதிவு கட்டாயமில்லை என்பதால் பழைய கடன்கள் சான்றில் வராமல் இருக்கலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்வது அதனால்தான். "தொலைஞ்சு போச்சு, நகல் இருக்கு" என்றால் ஒரு அடி பின்னால் வையுங்கள். 2011-ல் ஏற்படுத்தப்பட்ட செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் வங்கி அடமானங்களைச் சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். ஆனால் வங்கியில் இல்லாத கைமாற்றுக் கடன் அங்கே வராது.

நடக்கும் வழக்கும் பொதுவாகச் சான்றில் வராது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால் தீர்ப்பு நம்மையும் கட்டும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் உரிமையாளரின் பெயரைப் போட்டு மாவட்ட நீதிமன்றத்தையும் தாலுகா நீதிமன்றத்தையும் பார்க்கலாம்.

பிறகு விற்கவே கூடாத நிலங்கள்: கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கிய பஞ்சமி நிலம். இவற்றைக் கிராமத்தின் ஏ ரெஜிஸ்டரில்தான் பிடிக்க முடியும். மனைப் பிரிவானால் அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017 விதிகள் வரன்முறை வழியைத் தந்தன. அதன் பிறகு உருவானவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒப்பந்தக்காரரிடமும் பவர்காரரிடமும் வாங்கும்போது

2012 திருத்தத்தால் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தமும் நிலம் சம்பந்தமான பவர் பத்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிந்த ஒப்பந்தம் சான்றில் தெரியும். தெரிந்தால் அது ரத்தானதற்கும் பதிந்த ரத்துப் பத்திரம் இருக்க வேண்டும். "கெடு முடிஞ்சு போச்சு சார்" என்பது போதாது. கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு வரை அந்த ஒப்பந்தக்காரர் கிரயம் கேட்டு வழக்குப் போடலாம். பதிந்த ஒப்பந்தம் நமக்குத் தெரியாது என்று நாம் வாதாடவும் முடியாது.

பதியாத ஒப்பந்தம்? அதையும் அலட்சியப்படுத்த முடியாது. கிரயம் கேட்கும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நல்லெண்ணத்தோடு, விவரம் அறியாமல், பணம் கொடுத்து வாங்கியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அந்த நல்லெண்ணத்தைக் காட்டத்தான் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கிறோம். அது வெறும் சடங்கல்ல.

பவர்காரர் எழுதிக் கொடுத்தால், பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். சாதாரண பவர், கொடுத்தவர் இறந்ததும் முடிந்துவிடும். உயிர்ச் சான்றை மட்டும் நம்பாமல் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். கிரயப் பத்திரமே இல்லாமல் பவர், ஒப்பந்தம், உயில் என்று மூன்று காகிதத்தைக் கொடுத்து "இதுதான் சொத்து" என்பவரிடம் வாங்கவே வேண்டாம். இந்த மூன்றும் சேர்ந்தாலும் உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டில்லியில் உள்ள நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கீகாரமற்ற காலனிகளில் இப்படி வாங்கியவர்களுக்காகவே 2019-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே?

என் அக்கா மகன் டெக்சாஸில் வீடு வாங்கியபோது, "மாமா, இங்க எல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கும், இன்சூரன்ஸ் இருக்கு" என்றான். உண்மைதான். 1868-ல் பென்சில்வேனியா நீதிமன்றம், தவறாக உரிமை அறிக்கை கொடுத்தவர் மீது கவனக்குறைவு இல்லையென்றால் பொறுப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வாங்கினவர் கதி? அந்தக் குறையைப் போக்கத்தான் 1876-ல் பிலடெல்பியாவில் முதல் உரிமைக் காப்பீட்டுக் கம்பெனி தொடங்கியது. கார் இன்சூரன்ஸ் நாளை நடக்கப்போவதற்கு. இது நேற்று நடந்து நமக்குத் தெரியாமல் போனதற்கு. பிரீமியம் வாங்கும்போது ஒரே தடவை.

ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. கம்பெனி முதலில் தேடிப் பார்த்து, கண்டுபிடித்த குறைகளை "இவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பட்டியல் போட்டுவிடும். அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கான பாலிசி கடன்காரரைத்தான் காக்கும், வீட்டுக்காரருக்குத் தனிப் பாலிசி வேண்டும். ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியவர், பாலிசி தன் பெயரில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் இருந்த தரகர் பெயரில் இருந்து பயனில்லை.

நம் நாட்டில்? 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டத்தின், அதாவது ரெரா சட்டத்தின், 16-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் முறைப்படி நில உரிமைக்குக் கட்டுமான நிறுவனம் காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறது. இங்கே வந்த பாலிசிகள் பெரும்பாலும் அந்த நிறுவனங்களை மனதில் வைத்தவை. ஊரில் 12 சென்ட் வாங்கும் தனிமனிதருக்குக் கார் இன்சூரன்ஸ் போலக் கடையில் கிடைப்பதல்ல. அதைவிட உபயோகமானது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு: உரிமைக் குறையால் நஷ்டம் வந்தால் நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும், காலவரையறை அதைத் தடுக்காது. ஆகவே 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் வாங்கினால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். அத்தகைய திட்டத்தை விற்கும் தரகருக்கும் பதிவு வேண்டும்.

"பேங்க்ல லோன் கொடுத்துட்டான், அப்போ டாக்குமெண்ட் சரியாத்தான் இருக்கும்" என்பவர்களுக்கு, உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வங்கி வக்கீலின் கருத்து வங்கிக்காக எழுதப்படுவது. உரிமை போனாலும் கடனை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். பதிவு ஆகிவிட்டது என்பதும் காப்பல்ல. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவாளர் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில், மறுபடியும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே நமக்கு நாமே செய்யும் இன்சூரன்ஸ்

முன்பணத்துக்கு முன் சொந்தமாக ஒரு வக்கீலை வையுங்கள். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். தரகரோடு மட்டும் ஒப்பந்தம் போடாமல் உரிமையாளரையும் அவர் குடும்பத்தாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உரிமை சரியில்லை என்று வக்கீல் சொன்னால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பணம் வங்கி வழியாகப் போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நில முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தரகருக்கு லாபம் உண்டு என்றால் அதையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். சர்வேயரை வைத்துப் புல வரைபடத்தோடு அளந்து, பக்கத்து நிலத்துக்காரர்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள். சான்றில் வராத அக்கா தங்கைகள் அந்தப் பேச்சில் வந்துவிடுவார்கள். கிரயம் முடிந்ததும் வேலி போட்டு, பட்டா மாற்றி, வருஷம் ஒரு முறை வில்லங்கம் பாருங்கள்.

கடைசியாக நண்பரின் கதை. உரிமைக் குறைக்கு விற்றவர் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எவ்வளவு கேட்பது? பத்திரத்தில் இருப்பது 4 லட்சம். மீதி 5 லட்சத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. குறைத்து எழுதியதே தப்பு என்பதால் கோர்ட்டில் வாய் திறக்கவும் கூச்சம். தரகரைத் தேடிப் போனார். அவர் நிதானமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, பத்திரத்துல என் பேரு எங்க இருக்கு?"

சகோதரிகள் நல்லவர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மேலும் 5 லட்சம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் அவர் மகளின் படிப்புக்கு வைத்திருந்தது. இன்று அந்த மனையில் நாலு தென்னை நிற்கிறது. போன மாதம் பார்த்தபோது, "அந்த மூணு நாள் அவசரத்துக்கு அஞ்சு லட்சம் கட்டணம்" என்று சிரித்தார். உடனே, "இதை மலர்ல எழுதுங்க, என் பேரைப் போடாதீங்க" என்றார். எழுதிவிட்டேன்.